ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் வந்தாலே முடக்குவாதமா?

தறிக்குழி | நவம்பர் 3, இரவு 9.12

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதறேன். அக்காவுக்கு 38 வயசு, கைத்தறி. ரெண்டு மாசமா விரல் வலி. ‘மூட்டுவலி பேக்கேஜ்’னு ஒரு லேப்ல ரத்தம் கொடுத்தோம். ஆர்.ஏ. ஃபேக்டர் 34, வரம்பு 20ன்னு ஓரத்துல போட்டிருக்கு. ஏ.எஸ்.ஓ. நெகட்டிவ். யூரிக் ஆசிட் 4.1. சி.ஆர்.பி.க்கு (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுறது) எண் இல்லை, ‘பாசிட்டிவ்’னு மட்டும். கவுன்ட்டர்லயே சரவாங்கி, அதாவது முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்)னு தீர்ப்புச் சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு 71 வயசு, அவருக்கும் ஆர்.ஏ. பாசிட்டிவ், ஒரு வலியும் கிடையாது, சைக்கிள் மிதிக்கிறார். அதனால இந்த டெஸ்ட்டே டுபாக்கூர்ங்கறது என் கட்சி. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

மணிக்கட்டு | நவம்பர் 3, இரவு 10.05

டெஸ்ட் டுபாக்கூர் இல்லீங்க. யாருக்கு எடுக்கறோம்ங்கறதுல இருக்கு விஷயம்.

ஆர்.ஏ. ஃபேக்டர்ங்கறது உடம்பு தன்னோட சொந்த ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளுக்கு எதிராவே உண்டாக்குற இன்னொரு எதிர்ப்பொருள். முடக்குவாதக்காரங்கள்ல ஏறக்குறைய 70 சதவீதம் பேர்கிட்ட இருக்கும். நல்லா இருக்கிறவங்கள்லயும் 5 சதவீதம் பேர்கிட்ட இருக்கும், வயசு ஏற ஏற அது இன்னும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்க. தெருவுல போற 1000 பேரைப் பிடிச்சு ரத்தம் எடுக்கறோம். முடக்குவாதம் நூத்துக்கு ஒருத்தருக்கும் குறைவு. 1000 பேர்ல 7ன்னு வெச்சுக்குவோம். அதுல பாசிட்டிவ் 5. மீதி 993 பேர்ல 5 சதவீதம் கிட்டத்தட்ட 50. ஆக 55 பாசிட்டிவ் ரிப்போர்ட்ல 50 வெறும் காகிதம். உங்க எதிர் வீட்டுத் தாத்தா அந்த 50ல ஒருத்தர். அவர் பாட்டுக்கு மிதிக்கட்டும்.

அதே 34, கணு வீங்கி காலையில கை மடக்க முடியாத 38 வயசுக்காரங்களுக்கு வந்தா அர்த்தமே வேற. அதனால ரிப்போர்ட்டை மடிச்சு வெச்சுட்டு மூணு விஷயம் சொல்லுங்க: எந்தெந்தக் கணு, வலி மட்டுமா வீக்கமும் உண்டா, காலையில எத்தனை மணிக்குக் கை பழைய நிலைக்கு வருது.

மணிக்கட்டு | நவம்பர் 3, இரவு 10.21

விட்டுப் போனது. காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, இதய வால்வுல கிருமித் தொற்று, கண்ணும் வாயும் வறண்டு போற ஷோக்ரன் நோய், இது எல்லாத்துலயும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் வரும். சாயங்காலக் காய்ச்சல், இருமல், எடை இறக்கம் இருந்தா முதல்ல நெஞ்சு எக்ஸ்ரே, சளி பரிசோதனை. மூட்டு அப்புறம்.

தறிக்குழி | நவம்பர் 4, காலை 7.40

ரெண்டு கையிலயும் ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிக்கணு. ரெண்டு மணிக்கட்டும். காலையில பாதம் கீழே வைக்கும்போது முன்பாதம் வலிக்குதுன்னு சொல்றா. நுனிக்கணு நல்லா இருக்கு. விறைப்பு ‘கொஞ்ச நேரம்’ இருக்குமாம்.

மணிக்கட்டு | நவம்பர் 4, பிற்பகல் 1.15

‘கொஞ்ச நேரம்’ங்கற பதிலை மட்டும் ஏத்துக்காதீங்க. பத்து நிமிஷமும் கொஞ்ச நேரம், மூணு மணி நேரமும் கொஞ்ச நேரம். ‘காலையில விறைப்பு இருக்கா’ன்னு கேட்டா எல்லாரும் ‘ஆமா’ம்பாங்க. கேட்க வேண்டியது ரெண்டு நேரம். எத்தனை மணிக்கு எழுந்தாங்க, எத்தனை மணிக்குக் கை சரளமாச்சு. தறிக்காரங்கன்னா இன்னும் சுலபம்: உட்கார்ந்து எவ்வளவு நேரம் கழிச்சு நாடா தடங்கல் இல்லாம ஓடுது?

தேய்மான வாதத்துல விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள்ள விட்டுடும், உட்கார்ந்து எழுந்தா திரும்ப அஞ்சு நிமிஷம் வரும், வேலை செய்யச் செய்ய வலி ஏறும். முடக்குவாதத்துல விறைப்பு ஒரு மணி நேரம், சில பேருக்கு மதியம் வரைக்கும். வேலை செஞ்சா குறையும், ஓய்வெடுத்தா கூடும். ராத்திரி ரெண்டாம் பாதியில வலியால முழிப்பு வரும்.

விறைப்புன்னு சொல்லத் தெரியாதவங்ககிட்ட வேலையை வெச்சுக் கேளுங்க. துணி பிழிய முடியுதா. ஃபில்டர் மூடி திறக்க முடியுதா. புடவைக் கொசுவம் பிடிச்சுச் செருக முடியுதா. மோதிரம் கழலுதா, எப்பலேர்ந்து கழலலை. தண்ணிச் செம்பை ஒரு கையில தூக்க முடியுதா. சமையல்கட்டு வேலையில எது முதல்ல நின்னு போச்சுன்னு கேட்டா எந்தக் கணுன்னு பாதி தெரிஞ்சுடும். பிழியும்போது வலி மணிக்கட்டுல, கொசுவம் பிடிக்கும்போது வலி அடிக்கணுவுல, நடுக்கணுவுல. பின்னலைத் தூக்கிக் கட்ட முடியலைன்னா தோள்.

மணிக்கட்டு | நவம்பர் 4, இரவு 9.50

நேத்து கேட்ட ரெண்டாவது கேள்வி, வீக்கம். இதைத்தான் யாரும் தொட்டுப் பார்க்கறதில்லை.

முதல்ல கண்ணால. ரெண்டு கையையும் மேசை மேல கவுத்து வெச்சு, முஷ்டி பிடிக்கச் சொல்லுங்க. அடிக்கணுக்களுக்கு நடுவுல பள்ளம் தெரியணும். வீங்கின கணுவுக்குப் பக்கத்துல பள்ளம் மேடாகியிருக்கும். முஷ்டி முழுசா மூடலைன்னா, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் எவ்வளவு இடைவெளின்னு குறிச்சு வெச்சுக்குங்க.

அப்புறம் கை குலுக்குற மாதிரி பிடிச்சு, ஆள்காட்டி விரல் அடியிலேர்ந்து சுண்டுவிரல் அடி வரைக்கும் குறுக்கா ஒரு அழுத்து. முகம் சுளிச்சா அது ஒரு தடயம். முன்பாதத்துலயும் இதே மாதிரி, பெருவிரலுக்கு அடுத்த நாலு விரல் அடியைச் சேர்த்து. பாதத்தை நிறையப் பேர் விட்டுடறாங்க, செருப்பைக் கழட்டவே சொல்றதில்லை. சில பேருக்கு நோய் அங்கதான் முதல்ல தெரியும்.

பிறகு ஒவ்வொரு கணுவா. நடுக்கணுன்னா ஒரு கையோட கட்டைவிரலும் ஆள்காட்டியும் ரெண்டு பக்கவாட்டுல, இன்னொரு கையோட ரெண்டு விரல் மேலும் கீழும். ஒரு ஜோடி அழுத்தும்போது மத்த ஜோடிக்குக் கீழ ஏதோ பிதுங்கினா உள்ளே சவ்வு வீங்கியிருக்கு. அடிக்கணுன்னா விரலைப் பாதி மடக்க வெச்சு, மேல்பக்கம் தசைநாருக்கு ரெண்டு புறமும் ரெண்டு கட்டைவிரலால. எவ்வளவு அழுத்தம்? அழுத்துறவரோட நகம் வெளுக்குற அளவு போதும். அதுக்கு மேல அழுத்தினா யாருக்கும் வலிக்கும்.

தொட்டா மெத்துன்னு இருந்தா சவ்வு. கல்லு மாதிரி இருந்தா எலும்பு முண்டு, தேய்மானம். நுனிக்கணுவுல கல்லு முண்டு, கட்டைவிரல் அடியில வலி, ரெண்டும் சேர்ந்து 55 வயசு அம்மாவுக்கு இருந்தா ஆர்.ஏ. டெஸ்ட்டே வேண்டாம்.

ஏற்காடு மிளகு | நவம்பர் 5, மாலை 6.30

மேல எஸ்டேட்ல காபி பறிக்கிற பாதிப் பேருக்குக் காலையில கை விறைக்குது. குளிர்தானே காரணம்? கீழ சேலத்துல போய் ரெண்டு நாள் இருந்தா சரியாகுதுன்னு சொல்றாங்களே.

மணிக்கட்டு | நவம்பர் 5, இரவு 8.10

20 கொண்டை ஊசி வளைவு இறங்கினா குணமாகுற நோய்னா சேலம் அஞ்சு ரோட்டுல ஒருத்தருக்கும் இது இருக்கக் கூடாதுங்க மிளகு.

குளிர் வலியைக் கூட்டிக் காட்டும், நோயை உண்டாக்காது. பறிப்பு சீசன்ல விரல் நோவு பெரும்பாலும் வேலையால, தசைநார் நோவு. ரெண்டு நாள் கீழ போனா ஓய்வும் சேர்ந்து கிடைக்குது, அதனால குறையுது. முடக்குவாதம் ஓய்வுல இறுகும்னு மேல எழுதியிருக்கேன், அதை இங்கே பொருத்திப் பாருங்க.

ஒண்ணு மட்டும் தனியாக் கவனிங்க. குளிர்ந்த தண்ணியில கை விட்டதும் விரல் நுனி வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவந்தா அது ரேனாடு. பல பேருக்கு அது தனியா, கெடுதல் இல்லாம வரும். ஆனா 30 வயசுக்கு மேல புதுசா வந்தா, தோல் இறுக்கம், முகத்துல தடிப்பு, முடி கொட்டுறது, வாய்ப்புண் கூட வந்தா ஏ.என்.ஏ. (உடம்பு தன்னையே தாக்குற எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கணும், சிறுநீர்ல புரதம் பார்க்கணும்.

காரணம்னு கேட்டா நிச்சயமாத் தெரிஞ்சது புகை. பீடியும் அதுல அடக்கம். கல் உடைக்கிற இடத்துச் சிலிக்கா தூசியும் ஆபத்தைக் கூட்டும்.

லேப் மேசை | நவம்பர் 6, இரவு 11.02

பரிசோதனைக்கூடத்துப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ஆர்.ஏ. ஃபேக்டர் ரெண்டு விதத்துல செய்யறாங்க. ஒண்ணு லேட்டக்ஸ் ஸ்லைடு. ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ரீஏஜென்ட், கலக்கி, ரெண்டாவது நிமிஷம் திரிதிரியா வருதான்னு பார்க்கறது. நேரம் கடந்து பார்த்தா ஓரம் காய்ஞ்சே திரிதிரியாத் தெரியும், பொய் பாசிட்டிவ். ரத்தத்துல கொழுப்பு அதிகமா இருந்தாலும் ஏமாத்தும். இன்னொண்ணு மெஷின்ல, எண்ணோட வரும். தறிக்குழி, உங்க ரிப்போர்ட்ல 34ன்னு எண் இருக்கறதால ஆர்.ஏ. மெஷின்ல போட்டிருக்காங்க. சி.ஆர்.பி.யை ஸ்லைடுல போட்டிருக்காங்க, அதனாலதான் வெறும் ‘பாசிட்டிவ்’. அதை எண்ணோட திரும்ப எடுங்க. எடுக்கும்போது அலகைப் பாருங்க: சில இடத்துல லிட்டருக்கு மில்லிகிராம், சில இடத்துல டெசிலிட்டருக்கு. 1.2ம் 12ம் ஒரே ரத்தமா இருக்கலாம். இதய ஆபத்துக்குப் பார்க்கிற ஹை சென்சிட்டிவ் சி.ஆர்.பி. இங்கே தேவையில்லை.

இ.எஸ்.ஆர். (குழாயில ரத்த அணு எவ்வளவு வேகமாப் படியுதுன்னு பார்த்து அழற்சியை அளக்கறது): குழாய் நேரா நிக்கணும். கொஞ்சம் சாய்ஞ்சாலே வேகமா இறங்கிப் பொய்யா ஏறும். சேலத்து மே மாசம், ஏ.சி. இல்லாத அறையில வெச்சாலும் ஏறும். எடுத்து நாலு மணி நேரத்துக்குள்ள போடணும். ரத்தசோகை, கர்ப்பம், வயசு எல்லாம் இ.எஸ்.ஆரை ஏத்தும். தோராய வரம்பு: ஆணுக்கு வயசுல பாதி, பெண்ணுக்கு வயசோட 10 கூட்டி அதுல பாதி. அக்காவுக்கு 24 வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஏ.எஸ்.ஓ.வைப் பேக்கேஜ்ல ஏன் சேர்க்கறாங்கன்னு கேட்காதீங்க. அது தொண்டைக் கிருமிக்கானது, குழந்தைகளோட ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பார்க்கறது. 38 வயசு விரல் வலிக்கு அதுல ஒண்ணும் இல்லை.

மணிக்கட்டு | நவம்பர் 7, காலை 6.55

லேப் மேசை சொன்னதோட சேர்த்து: எடுக்க வேண்டியது ஆன்ட்டி சி.சி.பி., முடக்குவாதத்துல வர்ற இன்னொரு எதிர்ப்பொருளுக்கான டெஸ்ட். ஆர்.ஏ. ஃபேக்டரைவிட விலை கூட, ஆனா பாசிட்டிவ் வந்தா அதைவிட அதிகமா நம்பலாம். சில பேருக்கு மூட்டு வீங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ரத்தத்துல வந்துடும். நெகட்டிவ் வந்தா நோய் இல்லைன்னு ஆகாது. மூணுல ஒருத்தருக்குக் கிட்ட நெகட்டிவாவே இருக்கும்.

2010ல அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் சேர்ந்து போட்ட மதிப்பெண் முறை இருக்கு. அதுக்கு ரெண்டு நுழைவு நிபந்தனை: ஒரு கணுவாவது உறுதியா வீங்கியிருக்கணும், அந்த வீக்கத்துக்கு வேற நோய் பொருந்தக் கூடாது. அப்புறம் மொத்தம் 10ல 6 வந்தா முடக்குவாதம்.

கணுக்களுக்கு: பெரிய மூட்டு ஒண்ணே ஒண்ணுன்னா 0. பெரிய மூட்டு 2லேர்ந்து 10 வரைக்கும் 1. சின்னக் கணு 1லேர்ந்து 3 வரைக்கும் 2. சின்னக் கணு 4லேர்ந்து 10 வரைக்கும் 3. பத்துக்கு மேல, அதுல ஒண்ணாவது சின்னது, 5. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் பெருசு. அடிக்கணு, நடுக்கணு, கட்டைவிரல் நுனிக்கணு, மணிக்கட்டு, பாதத்துல ரெண்டாவது விரல்லேர்ந்து அஞ்சாவது வரைக்கும் அடிக்கணு, இதெல்லாம் சின்னது. மணிக்கட்டு சின்னதுல சேருதுன்னு ஞாபகம் வெச்சுக்குங்க, நிறையப் பேர் தவற விடறது. நுனிக்கணு, கட்டைவிரல் அடி, பெருவிரல் அடி மூணையும் எண்ணவே கூடாது.

ரத்தம்: ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்ட்டி சி.சி.பி.யும் நெகட்டிவ் 0. ஏதாவது ஒண்ணு லேசாப் பாசிட்டிவ் 2. வரம்பைவிட மூணு மடங்குக்கு மேல 3. இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. ஏறியிருந்தா 1. ஆறு வாரம் ஆகியிருந்தா 1.

அக்காவுக்கு அடிக்கணு 4, மணிக்கட்டு 2, மொத்தம் 6 சின்னக் கணு: 3. வரம்பு 20ன்னா 60 வரைக்கும் லேசு, 34 அதுக்குள்ள: 2. சி.ஆர்.பி. எண்ணும் ஏறியிருந்தா 1. ரெண்டு மாசம்: 1. மொத்தம் 7. ஆனா ஒரு கணுவிலாவது வீக்கத்தை டாக்டர் தொட்டு உறுதி பண்ணணும், அதுக்கு முன்னாடி இந்த 7ஐச் சுவத்துல எழுத வேண்டாம்.

மணிக்கட்டு | நவம்பர் 7, இரவு 10.30

காலையில எழுதினதைத் திரும்பப் படிச்சா ஒரு ஓட்டை கண்ல படுது. ரெண்டு ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ்னு வெச்சுக்குங்க. 10 சின்னக் கணு வரைக்கும் வீங்கினாலும் 3, இ.எஸ்.ஆர். 1, ஆறு வாரம் 1, மொத்தம் 5தான். பத்துக்கு மேல போனாத்தான் 6ஐத் தொடும். ஆக நெகட்டிவ்காரங்க இந்தக் கணக்குல எப்பவும் பின்தங்குவாங்க. இந்த முறை ஆராய்ச்சிக்கு ஆட்களைச் சேர்க்கறதுக்காக வந்தது. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு 5 வந்ததுன்னு மருந்து இல்லாம திருப்பி அனுப்பறதுக்கு இல்லை. 5 வந்தா, வேற நோய் பொருந்தலைன்னா, மாசா மாசம் பார்த்து எண்ணிக்கிட்டு வரணும். கை பாத அல்ட்ராசவுண்டுல பவர் டாப்ளர் போட்டா தொட்டுத் தெரியாத சவ்வு வீக்கமும் ரத்த ஓட்டமும் தெரியும், அது சந்தேகத்தைத் தீர்க்க உதவும்.

1987 முறையில காலை விறைப்பு ஒரு மணி நேரம் இருந்தா ஒரு அம்சமாச் சேர்த்தாங்க. 2010ல அதை எடுத்துட்டாங்க. எடுத்தது கணக்குலேர்ந்துதான், கேட்கறதை நிறுத்தச் சொல்லலை.

ஏற்காடு மிளகு | நவம்பர் 8, காலை 8.05

சிக்குன்குனியா வந்து மூணு மாசமா விரல் வீங்கி இருக்கிறவங்களுக்கும் இந்தக் கணக்குல 6 வந்துடுமே?

மணிக்கட்டு | நவம்பர் 8, பிற்பகல் 2.40

வரும். சரியான இடத்துல கை வெச்சீங்க. 2006ல தமிழ்நாடு முழுக்க அது பரவினப்ப, அப்புறம் மாசக்கணக்கா கை வீங்கிக் கிடந்தவங்க ஏராளம். பிரிச்சுப் பார்க்க முதல் வழி ஆரம்பம். சிக்குன்குனியா ஒரே நாள்ல வரும்: கடும் காய்ச்சல், அன்னைக்கே மூட்டு, பெரும்பாலும் தடிப்பு, வீட்டுல தெருவுல இன்னும் நாலு பேருக்கு. முடக்குவாதம் வாரக்கணக்குல ஊர்ந்து வரும், காய்ச்சல் இருந்தாலும் லேசு. சிக்குன்குனியா ஐ.ஜி.எம்.ங்கற எதிர்ப்பொருள் ரத்தத்துல சில மாசம் வரைக்கும் பாசிட்டிவா இருக்கும். ஆன்ட்டி சி.சி.பி. பெரும்பாலும் நெகட்டிவ். இருந்தாலும் மூணு மாசம் தாண்டியும் வீக்கம் அடங்கலைன்னா ‘அது குனியா வலி’ன்னு சும்மா இருக்கக் கூடாது, கை பாதம் எக்ஸ்ரே, வாதநோய் டாக்டர்.

மத்த மாறுவேஷங்களை ஓட்டமாச் சொல்றேன். நகத்துல குண்டூசி குத்தின மாதிரி குழி, காதுக்குப் பின்னாடியோ தொப்புள்லயோ செதில், ஒரு விரல் முழுசும் தடிச்சுப் போறது: சோரியாசிஸ் வாதம், இதுல நுனிக்கணுவும் வீங்கும். ராத்திரியோட ராத்திரியா பெருவிரல் அடி சிவந்து போர்வை பட்டாலே அலறுறது: கவுட். தாக்குதல் நேரத்துல யூரிக் ஆசிட் சாதாரணமாவே இருக்கலாம், அடங்கின பிறகு திரும்பப் பார்க்கணும். தைராய்டு குறைவுலயும் கை விறைக்கும், டி.எஸ்.எச். ஒரு தடவை பார்த்துடணும். பல வருஷ சர்க்கரைக்காரங்க கும்பிடுற மாதிரி கை சேர்த்தா உள்ளங்கை ஒட்டாது, அது தசைநார் தடிப்பு, வீக்கம் கிடையாது. ராத்திரி கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்துப் போய் கையை உதறினா சரியாச்சுன்னா மணிக்கட்டுல நரம்பு அழுந்துது. அதுக்கே காரணம் முடக்குவாதமாவும் இருக்கலாம், அதனால மணிக்கட்டு வீக்கத்தைத் தொட்டுப் பாருங்க.

நம்ம பக்கம் ஒண்ணு தனி. தருமபுரிப் பக்கமும் அதை ஒட்டின சேலத்து ஊர்கள்லயும் போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகமான இடங்கள் உண்டு. கழுத்து, முதுகு திரும்பாது, முழங்கை முழுசா நீளாது, பல்லுல பழுப்புக் கோடு. அங்க மெத்துன்னு வீக்கம் இருக்காது. முன்கை எக்ஸ்ரேல ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு சுண்ணாம்பா வெளுத்துத் தெரிஞ்சா முடிஞ்சது கேள்வி. ஆர்.ஏ. ஃபேக்டரைத் தேடி அலைய வேண்டாம்.

மணிக்கட்டு | நவம்பர் 8, பிற்பகல் 2.52

இதைத் தனியா எழுதறேன், கலந்துடக் கூடாது. ஒரே ஒரு மூட்டு, சூடா, சிவந்து, காய்ச்சலோட, அசைக்கவே விடாம இருந்தா அது அன்னைக்கே ஆஸ்பத்திரி. ஊசி போட்டு மூட்டுத் தண்ணி எடுத்து சீழான்னு பார்க்கணும். ஏற்கெனவே முடக்குவாதம்னு தெரிஞ்சவருக்கு வந்தாலும் இதேதான். ‘எப்பவும் வர்றதுதான்’னு ரெண்டு நாள் விட்டா மூட்டே போயிடும்.

தறிக்குழி | நவம்பர் 10, இரவு 9.25

ஒரு உறவுக்காரர், பொட்டலம் மருந்து தர்ற இடம் ஒண்ணு இருக்கு, மூணே நாள்ல வலி போயிடும்னு கூப்பிடறார். டாக்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதை முயற்சி பண்ணலாமா?

மணிக்கட்டு | நவம்பர் 10, இரவு 9.41

வேண்டாம். மூணே நாள்ல போனா அதுக்குள்ள ஸ்டீராய்டு இருக்குன்னு சந்தேகப்படணும். பெயர் ஒட்டாத பொடியிலும் உருண்டையிலும் டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ வலி மாத்திரையோட சேர்த்து அரைச்சுக் கலந்திருக்கிறது புதுசு இல்லை. அது வீக்கத்தை அடக்கும், இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.யை இறக்கும். அப்புறம் டாக்டர் தொட்டா ஒண்ணும் தெரியாது, ‘ஒண்ணும் இல்லை போங்க’ம்பார். உள்ள எலும்பு அரிப்பு நடந்துக்கிட்டே இருக்கும். ஆன்ட்டி சி.சி.பி. மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதனாலயும் அது உபயோகம்.

ஏற்கெனவே மாசக்கணக்கா அப்படிப் பொடி சாப்பிட்டு முகம் உப்பி சர்க்கரை ஏறினவங்க யாராவது இதைப் படிச்சா: திடீர்னு நிறுத்தாதீங்க. உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்தியிருக்கும், மயக்கம், ரத்த அழுத்தம் இறங்கறது வரும். பொட்டலத்தைக் கையிலேயே எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டிப் படிப்படியாக் குறைக்கணும்.

வலி தாங்கலைன்னா டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் பாரசிட்டமால். அது வீக்கத்தை மறைக்காது.

மணிக்கட்டு | நவம்பர் 11, காலை 7.10

எங்க போறதுன்னு தனிச் செய்தியில கேட்டிருந்தாங்க, இங்கேயே சொல்றேன். இது எலும்பு டாக்டர் வேலைன்னு நினைச்சு ஆர்த்தோ வரிசையில நிக்காதீங்க. வாதநோய் நிபுணர் கிடைச்சா நேரா அவர். இல்லைன்னா அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில பொது மருத்துவ ஓ.பி., அங்கிருந்து அவங்க வழிகாட்டுவாங்க. அறிகுறி தொடங்கி மூணு மாசத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா கணுவைக் காப்பாத்துற வாய்ப்பு ரொம்ப அதிகம். ‘பொங்கல் கழியட்டும், தறியில இருக்கிற சேலை முடியட்டும்’ வேண்டாம்.

ஓ.பி.க்கு காலை 11 மணிக்குப் போனா கை பார்க்க நல்லா இருக்கும், அதுதான் இந்த நோயோட குசும்பு. அதனால காலையில எழுந்ததும் ரெண்டு கையையும் மேசையில வெச்சு ஒரு போட்டோ, முஷ்டி பிடிச்சு ஒரு போட்டோ, நேரம் தெரியற மாதிரி. ஒரு வாரத்துக்கு எழுந்த நேரம், கை சரளமான நேரம் ரெண்டையும் ஒரு தாள்ல குறிங்க. இதுவரைக்கும் போட்ட ஊசிச் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க.

லேப் மேசை | நவம்பர் 11, இரவு 10.15

ஒரு சேர்க்கை. முழு ரத்தப் பரிசோதனையையும் கூட எடுங்க. ஹீமோகுளோபின் 9, 10ன்னு குறைஞ்சு, செல் அளவு சாதாரணமா இருந்து, பிளேட்லெட் ஏறியிருந்தா அது அழற்சியோட அடையாளம். அந்த நேரத்துல ஃபெரிட்டின் (உடம்போட இரும்புச் சேமிப்பைக் காட்டுறது) நார்மல்னு வந்தாலும் இரும்புச்சத்து போதும்னு அர்த்தம் இல்லை, அழற்சியே ஃபெரிட்டினை ஏத்திக் காட்டும்.

ஏற்காடு மிளகு | நவம்பர் 13, மாலை 5.50

பிரசவம் ஆகி மூணு மாசம் ஆன பொண்ணுக்குக் கை வீங்குதுன்னா வீட்டுல பெரியவங்க ‘பச்சை உடம்புல காத்துப் பட்டுடுச்சு’ங்கறாங்க. அதுலயும் இது உண்டா?

மணிக்கட்டு | நவம்பர் 13, இரவு 8.35

உண்டு. கர்ப்பத்துல இந்த நோய் நிறையப் பேருக்கு அடங்கும், பிரசவத்துக்கு அப்புறம் சீறும். புதுசாத் தொடங்கறதுக்கும் அந்த மாசங்கள் வாகான காலம். பெரியவங்க சொல்ற காலக்கணக்கு சரி, காரணம்தான் காத்து இல்லை. இங்கே ஏமாத்துற இன்னொண்ணு: குழந்தையைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் மட்டும் வலிக்கிறது. கட்டைவிரலை உள்ள மடக்கி முஷ்டி பிடிச்சு, கையைச் சுண்டுவிரல் பக்கமாச் சாய்ச்சா சுரீர்னு வலிக்கும். அது தசைநார் உறை வீக்கம், டி கெர்வேன்னு பேர், முடக்குவாதம் இல்லை. ரெண்டு கையிலயும், அடிக்கணுவும் சேர்ந்து, விறைப்பு ஒரு மணி நேரம்னா அப்பதான் மத்ததெல்லாம். தாய்ப்பால் கொடுக்கறதை டாக்டர்கிட்ட முதல் வரியிலேயே சொல்லணும், மருந்துத் தேர்வே அதனால மாறும்.

தறிக்குழி | நவம்பர் 24, இரவு 9.02

பார்த்தாச்சு. அடிக்கணு மூணுலயும் ரெண்டு மணிக்கட்டுலயும் வீக்கம்னு எழுதியிருக்கார். ஆன்ட்டி சி.சி.பி. 118, வரம்பு 20. சி.ஆர்.பி. 16. ஆனா கை எக்ஸ்ரே நார்மல். நார்மல்னு வந்தப்புறமும் மருந்து எதுக்குன்னு அக்கா கேட்கறா. மெத்தோட்ரெக்ஸேட் எழுதறதுக்கு முன்னாடி இன்னும் அஞ்சாறு டெஸ்ட் எழுதியிருக்கார், அது எதுக்குன்னும் கேட்கறா.

மணிக்கட்டு | நவம்பர் 24, இரவு 10.20

எக்ஸ்ரே நார்மல்னா நல்ல நேரத்துல பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். எக்ஸ்ரேல தெரியறது ஏற்கெனவே அரிச்ச எலும்பு. முதல்ல கணுவைச் சுத்தி எலும்பு வெளிறும், அப்புறம் குருத்தெலும்பு மூடாத ஓரத்துல அரிப்பு, கடைசியில இடைவெளி குறையும். சி.சி.பி. 118ங்கறது வரம்போட மூணு மடங்குக்கு மேல, அதாவது கணக்குல 3. அரிப்பு வர வாய்ப்பு அதிகமானவங்க வகை. பாதத்தையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, சுண்டுவிரல் அடியில அரிப்பு கைக்கு முன்னாடியே தெரியறது உண்டு. இந்தப் படங்களைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு வருஷம் கழிச்சு ஒப்பிட இதுதான் அளவு.

மத்த டெஸ்ட் மருந்துக்காக. ஹெபடைட்டிஸ் பி, சி, கல்லீரல், கிரியாட்டினின், ரத்த அணுக்கள், நெஞ்சு எக்ஸ்ரே. மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்துல கூடவே கூடாது, 38 வயசுங்கறதால இதை டாக்டர்கிட்ட வெளிப்படையாப் பேசணும். அப்புறம், அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமைன்னு சீட்டுல எழுதி வாங்குங்க, அட்டை மேலயும் எழுதுங்க. ஃபோலிக் ஆசிட் எந்த நாள்னும் கேட்டுக்குங்க.

ஏற்காடு மிளகு | நவம்பர் 25, காலை 6.45

எஸ்டேட்லேர்ந்து ரெண்டு பேரைக் கீழ கூட்டிட்டு வர்றேன். இந்த ரத்தத்துக்கு வெறும் வயித்துல வரணுமா? முதல் பஸ்ஸைப் பிடிக்கணும்னா சாப்பிடாம வர்றது கஷ்டம்.

லேப் மேசை | நவம்பர் 25, காலை 9.30

ஆர்.ஏ., சி.சி.பி., சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர்., டி.எஸ்.எச். எதுக்கும் வெறும் வயிறு வேண்டாம், இட்லி சாப்பிட்டே வரட்டும். எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேண்டாம், சீரம் பால் மாதிரி வந்தா சில மெஷின் திணறும். சர்க்கரையும் சேர்த்து எடுக்கறதா இருந்தா மட்டும் வெறும் வயிறு. முடி கொட்டுறதுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடறாங்களான்னு கேளுங்க. சில மெஷின்ல சி.சி.பி., டி.எஸ்.எச். ரெண்டையும் அது தப்பாக் காட்டும், ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திட்டு வரச் சொல்லுங்க.